வாயடைத்த சாட்சி

"டொங்" என்றது கம்ப்யூட்டர். திரையின் வலது கீழ் மூலையில் மஞ்சள் பலூன் ஒன்று எட்டிப் பார்த்து, 'யுஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு' என்று மறுபடியும் சொல்லிவிட்டு மறைந்தது.

"கடன் கேட்டு வந்த சித்தப்பாவைப் பார்த்த மாதிரியே முழிக்குது மேடம்," என்றான் ஜெபகுமார். "ஆள் வந்து நிக்குறது தெரியுதாம். யாருன்னுதான் தெரியலையாம்."

வத்ஸலா சிரிக்கவில்லை. பென்சில் சீவிக்கொண்டிருந்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துக் கொடுத்தே காலம் தள்ளி, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் 'வத்ஸலா துப்பறிவகம்' என்று போர்டு மாட்டியவர். யோசனை ஓட வேண்டுமென்றால் அவருக்குப் பென்சில் சீவியாக வேண்டும். இங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் பென்சிலால் எழுதி ஜெபகுமார் பார்த்ததில்லை.

எதிர் நாற்காலியின் நுனியில் அன்னம்மாள் உட்கார்ந்திருந்தாள். காந்தி ரோட்டில் துரைக்கண்ணுவின் பட்டுக் கடையில் புடவை எடுத்துக் காட்டுகிறவள். கல்யாணப் பெண் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் எந்தக் கலரில் மயங்குவாள் என்று சொல்லிவிடுவாள் எனக் கடையில் அவளுக்கு நல்ல பெயர். அந்தப் பெயர்தான் இப்போது ஊசலாடிக்கொண்டிருந்தது.

"மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள புடவை வரலன்னா போலீஸ்ல எழுதிக் குடுத்துடுவேன்னு முதலாளி சொல்லிட்டாருக்கா," என்றாள். "ஒருவாட்டி ஸ்டேஷன் படி ஏறிட்டா, அப்புறம் காந்தி ரோட்டுல எந்தக் கடையில என்னைச் சேர்ப்பாங்க? சொல்லுங்க."

விஷயம் இதுதான். சனிக்கிழமை அன்று, மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் போட்டுச் சேலத்துக் கல்யாண வீட்டுக்காக நெய்து வந்திருந்த முகூர்த்தப் புடவை பீரோவிலிருந்து காணாமல் போனது. பீரோ அன்னம்மாளின் பொறுப்பு. அன்று மத்தியானம் சாப்பிடப் போகும்போது, எஃப்.எம். கேட்டுக்கொண்டிருந்த தன் எம்.பி.த்ரீ ப்ளேயரை நிறுத்துவதாக நினைத்து ரெக்கார்ட் பட்டனை அழுத்திவிட்டு, பீரோ பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். திரும்பி வந்தபோது அதன் சிவப்பு விளக்கு கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் புடவையைக் காணோம் என்று கடை அல்லோலகல்லோலப்பட்டபோது, "யாரு பீரோவைத் தொறந்தாங்களோ அவங்க சத்தம் இதுல இருக்குது" என்று எல்லார் எதிரிலும் ப்ளேயரைத் தூக்கிக் காட்டினாள். ஆனால் அதற்குள் அதில் பேட்டரி தீர்ந்திருந்தது. முதலாளி அறைக் கம்ப்யூட்டரில் அதைச் சார்ஜுக்குச் செருகிவிட்டு வந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் ப்ளேயரும் இல்லை.

மறுநாள் ஆயுத பூஜை. அடுத்த நாள் கடை திறந்ததும் மேனேஜர் முரளீதரன் ஊழியர்களின் ஷெல்ஃபுகளைச் சோதனை போட்டார். ப்ளேயர் வேறெங்கும் இல்லை, அன்னம்மாளின் பூட்டிய ஷெல்ஃபிலேயே டிபன் பைக்கு அடியில் கிடைத்தது. பட்டனை எப்படி அழுத்தினாலும் உயிர் வரவில்லை. "இது எங்கியும் போவல. நீயே ஒளிச்சு வச்சிக்கினு நாடகம் ஆடுற. எடுத்தவ நீதான்" என்று கடை நடுவில் நின்று துரைக்கண்ணு சொல்லிவிட்டார்.

"ஷெல்ஃபுக்கு எத்தனை சாவி?" என்று வத்ஸலா கேட்டார்.

"என்னுது ஒண்ணு. அது என் தாலிச் செயின்லயே தொங்குது. மாத்துச் சாவிக்கொத்து மேனேஜர் சார்கிட்ட ஒண்ணு, முதலாளிகிட்ட ஒண்ணு."

"முடிஞ்சுது மேடம்!" ஜெபகுமார் நாற்காலியைச் சுழற்றினான். "முதலாளி தன் புடவையைத் தானே திருட மாட்டாரு. மேனேஜர் புடவையை அடிச்சாரு, ப்ளேயரை அடிச்சாரு, அதை உடைச்சாரு, தானே கண்டுபிடிச்ச மாதிரி எடுத்தும் குடுத்துட்டாரு. வீட்டுக்குப் போலாமா?"

"மொதல்ல கையில இருக்கற வேலையை முடி. இதுக்கு என்னென்ன பண்ணினே?"

"பண்ணாதது ஒண்ணுமில்ல மேடம். முன்னாடி ஓட்டையில போட்டாச்சு, பின்னாடி ஓட்டையில போட்டாச்சு. என் பென் டிரைவைப் போட்டா அதே ஓட்டையில சமத்தா வேலை செய்யுது. அதனால நம்ம மிஷின் மேல தப்பில்ல. கீழ ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர்லயும் செருகிப் பார்த்தேன். மூணு டாக்டரும் ஒரே மாதிரி கையை விரிச்சிட்டாங்க." அவன் ப்ளேயரைப் பிடுங்கி மேஜைமேல் வைத்தான். கட்டை விரல் நீளத்தில் நீல நிறக் குச்சி. அதன் ஒரு முனையில் வெள்ளியாக மின்னும் உலோக வாய். மூடி கிடையாது.

வத்ஸலா பென்சிலைக் கீழே வைத்தார்.

"ஜெபா, நீ எப்போ கோயிலுக்குப் போனே?"

"நானா? சர்ச்சுக்கே எங்கம்மா முதுகுல கை வச்சுத் தள்ளினாதான் போவேன்."

"அப்போ விரல்ல என்ன குங்குமம்?"

ஜெபகுமார் கையைத் திருப்பிப் பார்த்தான். ஆள்காட்டி விரல் நுனியில் சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரின் யுஎஸ்பி ஓட்டைக்குக் கீழேயும் இரண்டு மூன்று சிவப்புத் துகள். ஏனாத்தூர் வீட்டிலிருந்து பைக்கில் வரும் வழியில் அவன் பிரசாதம் எதுவும் வாங்கவில்லை என்பது அவனுக்கே நன்றாகத் தெரியும்.

வத்ஸலா டார்ச்சை எடுத்து ப்ளேயரின் உலோக வாய்க்குள் அடித்தார். உள்ளே வெளிர் மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகியிருந்தது. அதன் நடுவில் சிவப்பு.

"சந்தனம், குங்குமம். மேலே பளிச்சுன்னு தொடைச்சிருக்கா. உள்ளே போனது அப்படியே காய்ஞ்சுடுத்து. கரண்ட் போற கம்பியில கொஞ்சம் இடம் இருக்கு, அதனால யாரோ வந்திருக்கான்னு கம்ப்யூட்டருக்குத் தெரியறது. பேசற கம்பி மேலதான் சந்தனம்."

"வாயில கொழுக்கட்டையை வச்சிக்கினு பேரைச் சொல்லுன்னா அது எப்படி மேடம் சொல்லும்?"

"யாரோ இதை ஆயுத பூஜையில வெச்சுப் பொட்டும் இட்டிருக்கா. வெள்ளி மாதிரி மின்னறது பாரு, அதான் தலைன்னு நெனச்சு அங்கேயே இட்டுட்டா." வத்ஸலா அன்னம்மாளின் பக்கம் திரும்பினார். "உங்காத்துல பூஜை உண்டோ?"

"எங்க வூட்டுலயா? குங்குமத்தைப் பார்த்தா எங்க மாமியாரு பாஸ்டரைக் கூட்டியாந்து ஜெபம் பண்ண வச்சிடும்கா!"

சொல்லிவிட்டு அன்னம்மாள் சட்டென்று நிமிர்ந்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. ப்ளேயர் ஷெல்ஃபிலேயே கிடக்கவில்லை. பூஜை அன்றைக்கு எங்கோ ஒரு சாமி படத்துக்கு முன்னால் ஜம்மென்று உட்கார்ந்திருந்திருக்கிறது.

"ஒரு குண்டூசி குடுங்க, சுரண்டிடறேன்," என்று ஜெபகுமார் பரபரத்தான்.

"தொடாதே. இந்த அழுக்குதான் இப்போ நமக்கு சாட்சி. யார் பார்க்கணுமோ அவா பார்த்தப்புறம் சுரண்டிக்கலாம். வண்டியை எடு."

*

காந்தி ரோட்டில் முகூர்த்தக் கூட்டம் அலைமோதியது. பைக்கை நிறுத்த இடம் தேடி ஜெபகுமார் மூன்று கடை தாண்டிப் போக வேண்டியிருந்தது. ஷேர் ஆட்டோவில் வந்த அன்னம்மாள் அவர்களுக்கு முன்பே கடைக்கு எதிரில் இறங்கி, உள்ளே போகாமல் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றிருந்தாள். தினமும் தான் திறந்து உள்ளே போகும் கதவை அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஜெபகுமாருக்கு என்னவோ போலிருந்தது. அதனால் கதவைத் தள்ளிப் பிடித்தான்.

உள்ளே வெள்ளை விரிப்பில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் மேனேஜர் முரளீதரன். ஒல்லியான உடம்பு, நெற்றியில் சிவப்பாக ஒரே கோடு ஸ்ரீசூர்ணம்.

"செவப்பு மேடம், செவப்பு!" ஜெபகுமார் காதோடு கிசுகிசுத்தான். "அமுக்கிடலாமா?"

"அது நெத்திக்கு இட்டுக்கறது. மிஷினுக்கு யாரும் இட மாட்டா. சும்மா வா." வத்ஸலா முரளீதரனைப் பார்த்துச் சிரித்தார். "என்ன முரளி, பூஜைக்கு உங்காத்துலேர்ந்து ஒரு சுண்டல்கூட வரலையே?"

முரளீதரன் முகம் வாடியது. "அப்பா போய் இன்னும் வருஷம் திரும்பலையே மாமி. எங்களுக்கு இந்த வருஷம் பண்டிகையே கிடையாதே. நீங்களே வந்து துக்கம் விசாரிச்சுட்டுப் போனேளே."

"ஆமாம்ப்பா, மறந்தே போச்சு. மனசுல வெச்சுக்காதே."

நாலடி தள்ளிப் போனதும் ஜெபகுமார் கேட்டான். "தெரிஞ்சிக்கினேதான கேட்டீங்க?"

"நான் சொன்னா நம்பாம வழி பூரா அவனை மொறைச்சுண்டே வருவே. அதான் அவன் வாயாலயே வரட்டும்னு கேட்டேன். பண்டிகையே இல்லாத ஆத்துல ஆயுத பூஜை எங்கேர்ந்து வரும்?"

ஜெபகுமாரின் ஆயத்தக் குற்றவாளி இப்படி அநியாயமாகத் தப்பித்துவிட்டார்.

உள்ளறையில் துரைக்கண்ணு தன் செல்போனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சார்ஜரைச் செருகுவார், காதருகே வைத்து ஆட்டுவார், மறுபடி செருகுவார். அறுபதை நெருங்கும் கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல்.

"வாங்கம்மா. புது போனு. ரெண்டு நாளா சார்ஜே ஏற மாட்டேங்குது. எல்லாம் ஏமாத்துக்காரனுங்க." அன்னம்மாளைக் கண்டதும் குரல் இன்னும் ஏறியது. "என்ன, புடவை வந்துச்சா? இல்ல, ரேடியோ பேசிடுச்சா?"

"பேசப் போறது," என்றார் வத்ஸலா. "அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். கடையில ஆயுத பூஜை நன்னா நடந்துதா? கதவு, கல்லா, பீரோ எல்லாத்துலயும் சந்தனப் பொட்டு பார்த்தேன். குங்குமத்தை மட்டும் எங்கேயும் காணோமே?"

"குங்குமமா!" அதுவரை இருந்த கோபம் போய்ப் பெருமை வந்து உட்கார்ந்தது துரைக்கண்ணுவின் முகத்தில். "எங்கப்பா காலத்துல ஒரு பூஜையன்னிக்கு யாரோ குங்குமக் கிண்ணத்தைத் தட்டிவிட்டுட்டாங்கம்மா. வெள்ளைப் பட்டு அத்தனையும் பாழ். அன்னியிலிருந்து எங்க கடை வாசப்படியைக் குங்குமம் தாண்டினதில்ல. சந்தனம் மட்டும்தான். சாமி படத்துக்குக்கூட அப்படித்தான்."

"அப்போ இது என்னன்னு பார்த்துச் சொல்லுங்கோ." வத்ஸலா ப்ளேயரை நீட்டி டார்ச்சை அடித்தார்.

துரைக்கண்ணு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். "சந்தனம். அதுமேல..." குரல் நின்றது. "குங்குமம்."

"இது ஷெல்ஃபை விட்டு நகரலைன்னு சொன்னேள். நகர்ந்திருக்கு. ஏதோ ஒரு ஆயுத பூஜைக்குப் போய்ட்டு வந்திருக்கு. அன்னம்மாள் வீட்டுல பூஜை கிடையாது. உங்க கடையில குங்குமம் கிடையாது. முரளி ஆத்துல இந்த வருஷம் பண்டிகையே கிடையாது. ஷெல்ஃபோட மாத்துச் சாவி இருக்கற இடம் இன்னும் ஒண்ணுதான் பாக்கி."

துரைக்கண்ணு எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. "என் கடையில, என் புடவையை, நானே திருடினேன்றீங்களா?"

"உங்க போனைக் கொஞ்சம் குடுங்கோ."

"எதுக்கு?"

"ரிப்பேர் பண்ணித் தரேன்."

வத்ஸலா போனைத் தலைகீழாகத் திருப்பி, சார்ஜர் செருகும் ஓட்டையில் டார்ச்சை அடித்தார். உள்ளே மஞ்சளும், நடுவில் சிவப்புமாக அதே காய்ந்த பொட்டு.

"ஒரே கைராசி மேடம்," என்றான் ஜெபகுமார். "எங்க ஓட்டையைப் பார்த்தாலும் அங்க ஒரு பொட்டு."

துரைக்கண்ணு மெதுவாக உட்கார்ந்தார். "லோகாம்பாள்," என்றார். பெண்டாட்டி பெயரைச் சொன்னாரா, கேட்டாரா என்று தெரியவில்லை. "டிவி ஷெல்ஃபு மேல இருக்குறதை அப்படியே அள்ளிப் பூஜையில வச்சிடுவா. ரிமோட்டு, டார்ச்சு, என் போனு... சனிக்கிழமை பூரா இங்கதான் பூஜை வேலை பார்த்துக்கினு இருந்தா. கடை திறந்த அன்னிக்குக் காலையில பிரசாதம் குடுக்கவும் வந்தா. ஷெல்ஃபோட மாத்துச் சாவிக்கொத்தும் அவ இடுப்புலதான். ரேடியோ இனிமே பேசாதுன்னு நெனச்சு அப்பதான் திருப்பி வச்சிருப்பா." பிறகு தலையை உதறிக்கொண்டார். "இருக்காதும்மா. அவளுக்கு எதுக்குத் திருட்டுப் புடவை? பட்டுக் கடைக்காரன் பொண்டாட்டிக்குப் புடவைக்கா பஞ்சம்?"

திருடிக்கொண்டு வந்த பொருளுக்கும் மறக்காமல் பொட்டு வைத்துக் கும்பிட்ட ஒரு பெண்மணியை ஜெபகுமார் இப்போதுதான் கேள்விப்படுகிறான். சொல்ல நாக்கு துடித்தது. துரைக்கண்ணுவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

அன்னம்மாள் கூந்தலிலிருந்து ஹேர்பின்னை உருவிக் கொடுத்தாள். ஜெபகுமார் மூச்சைப் பிடித்துக்கொண்டு உலோக வாயைச் சுரண்டினான். மேஜைமேல் விரித்த காகிதத்தில் சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. வாயால் ஊதினான், சட்டை நுனியால் துடைத்தான், முதலாளியின் கம்ப்யூட்டரில் செருகினான்.

"டிடிங்" என்றது கம்ப்யூட்டர். இந்தத் தடவை மஞ்சள் பலூன் ஒன்றும் குறை சொல்லவில்லை. 'ரிமூவபிள் டிஸ்க்' என்று மரியாதையாக ஒரு ஜன்னல் திறந்தது. சினிமாப் பாட்டு வரிசைக்குக் கீழே, தனியாக ஒரு குரல் பதிவு. ஜெபகுமார் வத்ஸலாவைப் பார்த்தான். அவர் தலையசைத்ததும் அமுக்கினான்.

முதலில் மின்விசிறிச் சத்தம். யாரோ தூரத்தில் டீ கேட்டார்கள். வெகு நேரம் ஒன்றுமில்லை. பிறகு பீரோ கீச்சிட்டது. வளையல்கள் குலுங்கின. தாழ்ந்த பெண் குரல் ஒன்று போனில் பேச ஆரம்பித்தது.

"எடுத்துட்டேன்டி வடிவு. மாம்பழ மஞ்சள்ல அரக்கு பார்டர். அப்பாகிட்ட மூச்சு விட்டுடாத... கேக்கறதா? கல்யாணம் ஆனதுலேர்ந்து கேட்டுக்கினுதான் இருக்கேன். 'அந்த மூலையில விக்காம கெடக்குது பாரு, அதுல ஒண்ணு எடுத்துக்க'ம்பாரு. சாயம் எறங்கினது, ஜரிகை கறுத்தது, வந்தவ எல்லாம் தள்ளிட்டுப் போனது, அத்தனையும் நான்தான் கட்டிக் கிழிச்சேன். அறுபதாம் கல்யாணத்துக்காச்சும், யாரும் வேணாம்னு சொல்லாத புடவை ஒண்ணு கட்டிக்கினு மணையில உக்கார்றேனே... சேலத்துக்காரங்களுக்கு இன்னும் நாள் இருக்குதுடி, அவரு வேற நெய்யச் சொல்லிடுவாரு. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவாது."

பீரோ மறுபடியும் கீச்சிட்டு மூடிக்கொண்டது.

துரைக்கண்ணு கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே இருந்தார். வெட்கமும் வேதனையும் அந்தப் பெரிய முகத்தில் மாறி மாறி வந்ததை ஜெபகுமார் பார்க்கப் பிடிக்காமல் காலண்டரைப் பார்த்தான்.

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவாதாம்," என்றாள் அன்னம்மாள். அவள் கண் நிறைந்திருந்தது. ஆனால் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

துரைக்கண்ணு தொண்டையைச் செருமினார். "அன்னம்மா, நான் அவசரப்பட்டுட்டேன். புடவை வேற பீரோவுல மாறிக் கெடந்துச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். போலீஸும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ நாளையிலேர்ந்து வந்துடு."

"மாறிக் கெடந்துச்சுன்னு சொன்னா, பீரோவைச் சரியாப் பார்க்காதவன்னு ஆவும். திருடி, பயந்துபோய்த் திருப்பி வச்சிட்டான்னும் பேசுவாங்க. என்னைத் திருடின்னு கடை நடுவுல நின்னுதான சொன்னீங்க? நான் எடுக்கலன்னு அதே எடத்துல நின்னு சொல்லுங்க."

"சொல்லிட்டா, 'அப்ப யாரு எடுத்தா'ன்னு கேப்பாங்களேம்மா."

"கேப்பாங்க. என்னைக் கேக்கலையா?"

துரைக்கண்ணு வத்ஸலாவைப் பார்த்தார். அவர் உதவிக்கு வருவதாகத் தெரியவில்லை. போனின் ஓட்டையை ஹேர்பின்னால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

பெரியவர் எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். செருப்பைக் கழற்றிவிட்டு வெள்ளை விரிப்பில் ஏறி நின்றார். புடவை உதறிக்கொண்டிருந்த கைகள் நின்றன. முரளீதரன் கல்லாவிலிருந்து எழுந்தார். வாங்க வந்தவர்கள் என்னவோ ஏதோவென்று நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க," என்றார் துரைக்கண்ணு. அந்தக் கனத்த குரல் எங்கே போயிற்றோ, மறுபடி செருமிக்கொண்டுதான் தொடர முடிந்தது. "சேலத்துப் புடவையை அன்னம்மா எடுக்கல. நான் அவளைச் சொன்னது தப்பு. எடுத்தது என் பொண்டாட்டி. அவளை எடுக்க வச்சது நான்."

விரிப்பில் உட்கார்ந்திருந்த ஒரு மாமியார் தன் மருமகளைப் பார்த்தாள். மருமகள் கையிலிருந்த விலை குறைந்த புடவையை மெதுவாகக் கீழே வைத்தாள். ஜெபகுமாருக்குச் சொல்ல இதற்கு ஆயிரம் இருந்தது. ஆனால் பக்கத்தில் நின்ற அன்னம்மாள் இப்போதுதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதனால் அவன் சும்மா நின்றான்.

துரைக்கண்ணு விரிப்பிலிருந்து இறங்கி அவள் எதிரில் வந்தார். "நாளைக்கு வருவியாம்மா?"

அன்னம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வரேன். அம்மாவையும் கடைக்கு வரச் சொல்லுங்க. அவங்க மேல எனக்குக் கோவம் இருக்குது, அதை நான் அவங்ககிட்டயே பேசிக்கிறேன். ஆனா அறுபதாம் கல்யாணத்துக்குப் புடவை அவங்களுக்கு நான்தான் எடுத்துக் காட்டுவேன். அந்த மூலையிலேர்ந்து இல்ல, என் பீரோவுலேர்ந்து காட்டுவேன்." முதலாளியை நேராகப் பார்த்தாள். "அப்ப நீங்க பக்கத்துல நிக்கக் கூடாது."